வீட்டுப் பலகையில் எழுதிய இரண்டு வருஷம்

ஏகாம்பரம் மலாக்கா டவுனில் ஒரு லோயர் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தார். கிராணி என்றால் கையெழுத்து அழகாக இருக்கும், சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும், வீட்டில் அரிசி தீர்ந்துபோனது மட்டும் தெரியாது என்று அவர் மனைவி பாக்கியம் சொல்வாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆபீசில் அவருக்கென்று ஒரு வேலை இருந்தது. அரசாங்கம் எந்தச் சட்டத்தில் எதை மாற்றினாலும் அதற்கொரு துண்டுச் சீட்டு அச்சாகி வரும். அதை அளவாக வெட்டி, கோந்து தடவி, புத்தகத்தில் பழைய வரியின் மேல் ஒட்ட வேண்டும். பதினாறு வருஷம் ஒட்டினார். புத்தகங்கள் தடித்து, மூட முடியாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. எந்த வரி செத்தது, எந்த வரி உயிரோடு இருக்கிறது என்பதை லோயரே அவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். ஏகாம்பரத்துக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், அந்த மனிதருக்கு வேறு சொத்து கிடையாது.

ஐம்பத்தேழாம் வருஷம் பிறந்ததும் ஏகாம்பரம் குடியிருந்த காஜா பெராங் வட்டாரம் முழுக்க ஒரே பேச்சாக இருந்தது. ஆகஸ்டில் சுதந்திரம் வரப்போகிறது, கொடி மாறப்போகிறது, அதெல்லாம் சரி, நாம் யார்? மலாக்காவிலேயே பிறந்தவர்களுக்குக் கவலை குறைவு. கப்பலில் வந்தவர்களுக்குத்தான் பெரிய கவலை. ஏகாம்பரம் சைக்கிளில் ஆபீசுக்குப் போனால் நாலு இடத்தில் நிறுத்திக் கேட்டார்கள். ஒரே பதிலை நாற்பது பேருக்குச் சொல்லி நாக்கு வறண்ட பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. முடிதிருத்தும் பொன்னுதுரையின் கடைச் சுவரில் ஒரு பலகை மாட்டுவது. கம்பி வலை போட்ட கதவு, உள்ளே தமிழில், பெரிய எழுத்தில், சட்டம் என்ன சொல்கிறது என்று ஒவ்வொரு தாளாக எழுதி வைப்பது. யார் வேண்டுமானாலும் நின்று படிக்கலாம்.

நினைத்ததை எழுதிக்கொண்டுபோய் ஒட்டிவிடுகிற ஆள் இல்லை அவர். சட்டத்தை நாலு பேர் பார்க்கிற இடத்தில் வைத்துவிட்டுப் பிறகு அடித்துத் திருத்தினால் ஜனங்கள் இரண்டையும் நம்பமாட்டார்கள் என்பது அவர் கட்சி. அதனால் தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து, தெருப் பலகையின் அதே நீளம் அதே அகலத்தில் இன்னொன்று செய்து, வீட்டின் பின்கட்டில், அடுப்படிக்கு எதிரே மாட்டினார். எந்தத் தாளும் முதலில் இங்கே ஏறும். எட்டடி தள்ளி நின்று எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பார். பாக்கியம் கரண்டியும் கையுமாக வந்து வாசிப்பாள். சந்தேகமான இடத்தை ஏகாம்பரம் சிவப்புப் பென்சிலால் சுழிப்பார். சிவப்பு வட்டம் இருக்கிற வரை அந்தத் தாள் வாசல் தாண்டாது.

"தெருவுல ஒரு சட்டம், வீட்டுல ஒரு சட்டமா? கவர்மெண்டுகூட ஒண்ணுதான் வச்சிருக்கு" என்பாள் பாக்கியம். அடுப்படியில் பாதி இடம் போன எரிச்சல் அவளுக்கு.

பாக்கியம் வாசித்து முடித்தாலும் இன்னொரு பரீட்சை பாக்கி இருக்கும். படிக்கத் தெரியாதவர்கள் அடுத்தவர் வாசிக்கக் கேட்டுத்தானே தெரிந்துகொள்வார்கள்? அவர்களுக்குப் புரிய வேண்டுமே. அதற்குத்தான் தெய்வானை.

தெய்வானை நாலு வீடு தள்ளிக் குடியிருந்தாள். நாற்பத்தாறு வயது. இருபது வயதில் புருஷனோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவள். அவர் ரப்பர்த் தோட்டத்தில் காய்ச்சலில் போன பிறகு, கைக்குழந்தையோடு டவுனுக்கு வந்து, அம்மியில் மசாலா அரைத்து வீடு வீடாக விற்றே மகள் சந்திரமதியை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். தலைமுறை தலைமுறையாக மலாய் பேசிவரும் பழைய தமிழ்க் குடும்பங்களான சிட்டி வீடுகளில் அவள் மசாலா இல்லாமல் குழம்பு கொதிக்காது. அங்கே அவளுடைய பெரிய வாடிக்கையின் பேர் சிவகாமசுந்தரி. பேர்தான் அப்படி, தமிழ் ஒரு வரி வராது. தெய்வானைக்கோ மலாய், மல்லி மிளகு சீரகத்தைத் தாண்டி வராது. இருந்தும் இரண்டு பேரும் பின்வாசலில் அரை மணி நேரம் பேசிச் சிரிப்பார்கள். எப்படி என்று கேட்டால் இருவருக்குமே தெரியாது.

தெய்வானைக்கு இந்தக் குடியுரிமைப் பேச்சு மற்றவர்களுக்கு மாதிரி வெறும் ஊர்க்கவலை இல்லை. ஊரில் அவளுக்கு ஒரே ஒரு தங்கச்சி. பிரிந்து இருபத்தாறு வருஷம். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட வேண்டும். ஆனால் போனால் திரும்பி வர முடிய வேண்டும். மகள் இங்கே இருக்கிறாள், பேரப்பிள்ளை இங்கேதான் பிறக்கப்போகிறது. குடியுரிமை இல்லாதவர்கள் கப்பல் ஏறினால், கையில் பெர்மிட் இருந்தாலும், அதில் போட்ட தேதிக்குள் வந்து சேர வேண்டும். நாள் தவறினால் கதவு சாத்தியதுதான்.

"எனக்குப் பட்டமும் வேணாம் பதவியும் வேணாம் தம்பி. போனா திரும்பி வரணும். அது ஒண்ணுதான்" என்று அவள் அடிக்கடி சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மி கழுவிவிட்டு, கையெல்லாம் மஞ்சளோடு வந்து வீட்டுப் பலகைக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்காருவாள். ஏகாம்பரம் வாசிப்பார்.

"வசிப்பிடம்னா என்ன தம்பி?"

"குடியிருக்கிற இடம் அக்கா."

"அப்ப குடியிருக்கிற இடம்னே எழுதுங்களேன். கைவசம் சொல்லு இருக்கிறப்ப எதுக்கு இன்னொண்ணு?"

நன்னடத்தை என்று எழுதியிருந்தார். அதையும் விடவில்லை. "நடத்தைன்னா பொம்பளைங்க பயந்துக்குவாங்க. ஜெயிலுக்குப் போகாதவங்கன்னு எழுதுங்க." ஏகாம்பரம் முகத்தைச் சுளித்துக்கொண்டே எழுதினார். பதினாறு வருஷம் சட்டம் ஒட்டியவருக்கு ஒரு மசாலாக்காரி திருத்தம் சொன்னாள், அவளே சரியாகவும் இருந்தாள். இருபத்திரண்டு தாளும் அவள் காது வழியாகத்தான் தெருவுக்குப் போயின. காஜா பெராங்கில் நின்று படித்தவர்கள், எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறார் கிராணி என்று மெச்சினார்கள். அது தெய்வானை பேச்சு என்று பாக்கியத்துக்கு மட்டும் தெரியும்.

ஒரு வாக்கியம் கொஞ்சம் மாறினாலும் மறுபடி தெய்வானைக்கு வாசித்துக் காட்டாமல் தெருவுக்குக் கொண்டுபோவதில்லை என்று ஒரு விதி வைத்திருந்தார் ஏகாம்பரம். அவரே போட்டுக்கொண்ட விதிதான். அதை அவர் ஒரு தடவை மீறினார்.

ஒன்பதாவது தாள், தெய்வானை மாதிரி ஆட்களுக்காகவே எழுதியது. வெளிநாட்டில் பிறந்து, இங்கே பல வருஷம் குடியிருந்து, நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்குள் மனுப் போட்டால் குடியுரிமைக்கான மலாய்ப் பரீட்சை கிடையாது. ஜூலையில் அதை எழுதும்போது எவ்வளவு காலம் என்பது அவர் கைக்கு வரவில்லை. இடத்தைக் காலியாக விட்டு வாசித்தால் கேட்கிறவர்களுக்கு முழுசாகப் புரியாதே என்று, சும்மா ஒரு கணக்குக்கு, 'இரண்டு வருஷம்' என்று போட்டார். போட்டுச் சிவப்பு வட்டமும் சுழித்தார். பிறகு தெய்வானைக்கு வாசித்தார். அவள் இரண்டு தடவை கேட்டாள், தலையை ஆட்டினாள், தானே ஒரு தடவை சொல்லியும் பார்த்தாள்.

சிவப்பு வட்டம் கண்ணுக்குத்தான் தெரியும், காதுக்குத் தெரியாது. இது அந்தப் பெரிய மூளைக்குத் தோன்றவில்லை.

சட்டம் அச்சாகி வந்தபோது ஒரு வருஷம் என்று இருந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் முடிகிற வரை. ஏகாம்பரம் இரண்டை அடித்து ஒன்று என்று புதுத் தாள் எழுதினார். அன்றைக்கு ஞாயிறு இல்லை, புதன். தெய்வானை வியாபாரத்துக்குப் போயிருந்தாள். ஒரு எண்தானே மாறியிருக்கிறது, இதற்கு எதற்கு ஞாயிறு வரை காத்திருப்பது என்று அப்படியே சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய்த் தெருப் பலகையில் குத்திவிட்டு ஆபீசுக்குப் போனார்.

அந்த ஒரு வருஷம் அவருக்கு நிற்க நேரமில்லை. சாயங்காலமானால் பொன்னுதுரை கடை வாசலில் பெஞ்சு போட்டு மனு எழுதிக் கொடுத்தார். கிழவர்கள், பால்காரர்கள், நகராட்சியில் ரோடு கூட்டுகிறவர்கள், தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் என்று வரிசை நிற்கும். நூற்றுக்கணக்கில் எழுதினார். அந்த வரிசையில் தெய்வானை இல்லை என்பதை அவர் கவனிக்கவே இல்லை. ஒன்பதாவது தாளை முதலில் கேட்டவள் அவள், முதல் ஆளாகப் போட்டிருப்பாள் என்று நினைத்தார். ஒரு நாள் வாயைத் திறந்து, போட்டாச்சா அக்கா என்று கேட்டிருக்கலாம். பக்கத்து வீடு மாதிரி, நாலு வீடு தள்ளித்தான். கேட்கவில்லை.

அவள் சும்மாவும் இருக்கவில்லை. புருஷன் வேலை செய்த தோட்டத்துக்கு இரண்டு தடவை போய், இன்ன வருஷத்திலிருந்து இங்கே இருக்கிறாள் என்று எழுதி வாங்கி வந்தாள். வாடகை ரசீதெல்லாம் சேர்த்துத் துணியில் சுற்றி வைத்தாள். ஐம்பத்தெட்டாம் வருஷம் ஜூன் மாதம் சிகாமட் பக்கம் தோட்டத்தில் இருந்த சந்திரமதிக்குப் பேறுகாலம் என்று சொல்லி அனுப்பினார்கள். இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறதே என்ற தைரியத்தில் அம்மியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். பேரன் பிறந்து, மகளுக்குப் பத்தியம் பார்த்து, குழந்தைக்குத் தலை நின்ற பிறகுதான் திரும்பினாள்.

செப்டம்பர் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம், வழக்கம்போல வந்தாள். கையில் அந்தத் துணிப்பொட்டலம். முகமெல்லாம் பேரன் பிறந்த சந்தோஷம்.

"தம்பி, பசியாறியாச்சா? இந்தாங்க, எல்லாச் சூராட்டும், ஒரு கடுதாசி விடாம, சேத்தாச்சு. ஊருக்கெல்லாம் எழுதினீங்களே, இன்னைக்கு இந்த அக்காவுக்கு எழுதுங்க."

ஏகாம்பரம் பொட்டலத்தை வாங்காமலே கேட்டார். "அக்கா, நீங்க இன்னும் போடலையா?"

"எங்க தம்பி நேரம்? அதான் ரெண்டு வருஷம் இருக்கேன்னு பிள்ளைகிட்ட போயிட்டேன்."

"ரெண்டு வருஷம்னு யாரு சொன்னது?"

"யாரா? நல்லா கேட்டீங்க. நீங்கதானே படிச்சீங்க." உட்கார்ந்தபடியே சொன்னாள். ஒன்பதாவது தாள் முழுவதையும், ஒரு சொல் தவறாமல், அவர் குரலின் ஏற்ற இறக்கத்தோடு சொன்னாள். நடுவில் அந்த இரண்டு வருஷமும் வந்தது.

பாக்கியம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஏகாம்பரம் தெய்வானையைப் பார்க்கவில்லை, பாக்கியத்தையும் பார்க்கவில்லை. அப்போது ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால் அவர் மேல் இந்தக் கதையைச் சொல்கிற எனக்கு இவ்வளவு கோபம் இருக்காது. பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"சட்டம் மாறிடுச்சுக்கா. நீங்க ஊர்ல இல்லாதப்ப."

தெய்வானை பொட்டலத்தை மடியில் வைத்து முடிச்சை இறுக்கினாள். பிறகு, அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளே ஆறுதல் சொன்னாள். "விடுங்க தம்பி. பெரிய எடத்துல மாத்துறாங்க, அதுக்கு நீங்க என்ன செய்வீங்க? பரீச்சைதானே, மலாய்ல பதில் சொல்லிட்டாப் போச்சு."

அவள் எழுந்து போனாள். பாக்கியம் தெருத் தாளை வாசித்தவள்தானே, சட்டம் மாறவில்லை என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்குச் சோறு போட்டு வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். ஒரு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மனுவை ஏகாம்பரமே எழுதினார். பரீட்சைக்குச் சிவகாமசுந்தரி சொல்லிக் கொடுத்தாள். பின்வாசலில் மசாலா வாங்குகிற சாக்கில் தினமும் பத்துக் கேள்வி. தெய்வானை அங்கே நன்றாகவே பதில் சொன்னாள். ஆனால் ஆபீசு, மேஜை, தொப்பி, எதிரே ஓர் ஆள் என்று வந்துவிட்டால் அவளுக்குத் தமிழே வராது, மலாய்க்கு எங்கே போவாள்? முதல் தடவை ஆபீசர் நல்ல மனிதர். தண்ணீர் கொடுத்து, காலையில் என்ன சமைத்தாய் என்று கேட்டார். இருபது வருஷம் ஊருக்கெல்லாம் மசாலா அரைத்தவள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இரண்டாவது தடவை வேறொரு ஆபீசர், அவருக்கு நேரமில்லை. வெளியே காத்திருந்த ஏகாம்பரத்திடம், "உங்களுக்குத்தான் வீண் அலைச்சல் தம்பி" என்றாள்.

அறுபத்தொன்றாம் வருஷக் கடைசியில் தங்கச்சிக்கு முடியவில்லை என்று கடிதம் வந்தது. தெய்வானை நிற்கவில்லை. ஏகாம்பரம் அலைந்து பெர்மிட் வாங்கிக் கொடுத்தார். ஆறு மாதம். தேதியைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, வாசித்துக் காட்டி, அவளைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அவள் சிரித்தாள். இந்தத் தேதி அவளுக்குத் தவறவும் இல்லை. போய்ச் சேர்ந்து தங்கச்சியைப் பார்த்தாள், இரண்டு மாதம் பக்கத்தில் இருந்து, அடக்கமும் செய்தாள். டிக்கெட் வாங்கிய பிறகு குளத்துப் படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. கட்டுப் பிரிக்கும் முன்னே பெர்மிட் முடிந்துபோயிற்று.

மகளும் மருமகனும் அதற்குள் காஜா பெராங்குக்கே குடி வந்திருந்தார்கள். ஏகாம்பரம் லோயரைப் பிடித்து முறையீடு போட்டார். மறுத்துப் பதில் வந்தது. மறுபடி போட்டார். அதற்கும் அதே பதில், கடித எண்தான் வேறு. குடியுரிமை இருந்திருந்தால் ஊன்றுகோலோடு கப்பலேறி வந்திருப்பாள், ஒருவரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சந்திரமதி ஒரு சாயங்காலம் கடிதத்தோடு வந்தாள். பையன் நாலு வயது, தெருவில் விளையாட விட்டிருந்தாள். ஏகாம்பரம் வாசித்தார். யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை எழுதிக் கொடுத்த எழுத்து. கம்பு வைத்துக்கொண்டு நடக்கிறேன். மெட்ராசுக்குப் போய்க் கேட்டதில் தேதி போய்விட்டது என்று அனுப்பிவிட்டார்கள். நீ கவலைப்படாதே. ஏகாம்பரம் தம்பியிடம் கேள். வழி என்று ஒன்று இருந்தால் அது அவருக்குத் தெரியாமல் இருக்காது.

அவர் கடிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"வழி இல்லம்மா."

"சரி மாமா. நீங்களே இல்லன்னா அப்புறம் யாரு?"

அதைத் தாங்க முடியவில்லை அவருக்கு. நாலு வருஷம் நெஞ்சில் கிடந்ததைக் கொட்டிவிட்டார். சட்டம் மாறவே இல்லை என்று சொன்னார். முதலிலிருந்தே ஒரு வருஷம்தான், இரண்டு என்று நான்தான் சும்மா போட்டேன், திருத்தினதை அக்காவுக்கு வாசிக்கவில்லை, அப்புறம் பொய்யும் சொன்னேன் என்றார்.

சந்திரமதி அழவில்லை. கடிதத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்க வீட்டுல உக்காந்து சாப்பிட்டீங்களே மாமா" என்றாள்.

ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டார். "நான் அக்காவுக்கு எழுதிடறேன். நடந்ததை நடந்தபடி எழுதிடறேன்மா" என்றார்.

"எழுதாதீங்க."

"இல்லம்மா, அக்காகிட்ட நான் மன்னிப்பு..."

"உங்களுக்கு மனசு ஆறணும்னு எங்கம்மாவோட நிம்மதிய நீங்க எடுத்துக்காதீங்க." முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது. பாக்கியம் வந்து கதவருகில் நின்றாள். "அங்க அம்மாவுக்குத் தங்கச்சியும் இல்ல, நானும் இல்ல. கிராணி தம்பி எப்படியும் வழி பாத்துடுவாருங்கற அந்த ஒண்ணுதான் இருக்கு. அதையும் புடுங்கிடாதீங்க. பாத்துக்கிட்டு இருக்கேன்னு எழுதுங்க. இப்பவே எழுதுங்க, நான் இருக்கறப்பவே."

எழுதினார். முறையீடு நடந்துகொண்டிருக்கிறது, நம்பிக்கையோடு இருக்கவும் என்று, தெய்வானை சொல்லிக் கொடுத்த எளிய தமிழிலேயே எழுதினார். மாதம் ஒரு கடிதம். ஒவ்வொரு மாதமும் சந்திரமதி வந்து எதிரே உட்கார்ந்து, எழுதி முடித்ததை வாங்கி வாசித்து, தானே உறையில் போட்டு எடுத்துப் போவாள். வேறு பேச்சு கிடையாது. பாக்கியம் காப்பி வைப்பாள், அது ஆறிப்போகும்.

பதினாலு கடிதம் போயிற்று. அதற்கப்புறம் அங்கிருந்து ஒன்று வந்தது. தங்கச்சி மகன் எழுதியிருந்தான். பெரியம்மா போன வாரம் தூக்கத்திலேயே தவறிவிட்டார். கஷ்டப்படவில்லை. கிராணி மாமாவின் கடிதம் வரும் நாளெல்லாம் தெருவில் நாலு பேருக்கு வாசித்துக் காட்டச் சொல்வார். எப்போது தகவல் வந்தாலும் புறப்பட வசதியாக இருக்கட்டும் என்று துணிமணி, பேரனுக்கு வாங்கிய சட்டை எல்லாம் வைத்துப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டியே வைத்திருந்தார். இப்போது அந்தப் பெட்டியை என்ன செய்வது, எழுதவும்.

சந்திரமதி அதைப் படித்துவிட்டு அழுதாள், பாக்கியத்தின் மடியில் விழுந்து அழுதாள். அழுது ஓய்ந்த பிறகு கடிதத்தை எடுத்து ஏகாம்பரத்தின் கையில் கொடுத்தாள்.

"பெட்டிய அனுப்பச் சொல்லலாமா மாமா? அதுக்காவது சட்டம் விடுமா?" என்று கேட்டாள்.